இருதயம் எவ்வளவு இறைக்கிறது? எக்கோ சொல்லும் கணக்கும் சொல்லாத கணக்கும்



சென்ற மாதம் இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் ஒன்று மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. எழுதியவர் மூன்று பிள்ளைகளின் தாய். கணவர் இல்லை. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பத்தை நடத்துகிறார். சில மாதங்களாகக் கிணற்றில் இரண்டு வாளி தண்ணீர் அள்ளினாலே மூச்சு வாங்குகிறதாம். ஓரிடத்தில் எக்கோ எடுத்தபோது "இ.எஃப். 60 வீதம், பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னார்களாம். இரண்டு மாதம் கழித்து இன்னோரிடத்தில் எடுத்தபோது "இ.எஃப். 53 வீதம்" என்று வந்ததாம்.

"அக்கா, இரண்டு மாதத்துக்குள் என் இருதயம் இவ்வளவு பழுதாகிவிட்டதா? காதுத் தோட்டை அடகு வைத்துக் கொழும்புக்குப் போய் மூன்றாந்தரமும் எடுத்துப் பார்க்கட்டுமா? இளைப்பு மட்டும் முதலிருந்த மாதிரியேதான் இருக்கிறது" என்று கேட்டிருக்கிறார்.

இதே கேள்வியை வேறு வேறு விதமாகப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே இந்த மாதம் இதைப் பற்றியே பேசுவோம். உடம்பைக் கீறாமல், குழாய் விடாமல், வெளியிலிருந்தே இருதயத்தின் வேலையை அளக்கிறார்களே, அந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம்? இருதய வருத்தமோ நெஞ்சு வருத்தமோ உள்ளவர்களுக்கு அது எங்கே பிழைக்கும்? அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்?

ஒரு நிமிடத்தில் ஐந்து லீற்றர்

இருதயம் ஓய்வின்றி இரத்தத்தை இறைக்கும் ஓர் உறுப்பு. சுகமாக இருக்கும் ஒருவர் சும்மா அமர்ந்திருக்கும்போது ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் இரத்தம் வெளியே போகும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் 4,900 மில்லிலீற்றர். அதாவது கடையில் வாங்கும் ஐந்து லீற்றர் எண்ணெய்க் கான் ஒன்று நிறையுமளவு இரத்தம் நிமிடந்தோறும் உடம்பைச் சுற்றுகிறது. இதை வைத்தியர்கள் இருதய வெளியீடு என்பார்கள். தண்ணீர் அள்ளும்போதும், நெல் குற்றும்போதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் இது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூட வேண்டும். கூட்ட முடியாத இருதயம் மூச்சு வாங்கலாகத் தன் இயலாமையைச் சொல்கிறது.

எக்கோ துண்டில் எழுதப்படும் இ.எஃப். இதுவல்ல. பலர் இரண்டையும் ஒன்றென நினைக்கிறோம். இருதயத்தின் இடது கீழ் அறை இரத்தத்தால் நிறைந்தபின் அதில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதே இ.எஃப். ஒரு வாளியிலுள்ள தண்ணீரில் எவ்வளவு பங்கை ஊற்றினோம் என்பது போன்றது அது. வாளி நிறைந்திருந்ததா, அரைவாசிதான் இருந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறையில் 120 மில்லிலீற்றர் நிறைந்து அதில் 60 வீதம் வெளியே போனால் 72 மில்லிலீற்றர். 70 துடிப்புக்கு ஐந்து லீற்றர் வந்துவிடும். இன்னொரு பெண்ணுக்கு இருதயத்தின் இடது வால்வு, அதாவது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் இடையிலுள்ள கதவு, ஒடுங்கிப்போயிருக்கிறது. அதனால் கீழ் அறையில் 80 மில்லிலீற்றர்தான் நிறைகிறது. அதில் 60 வீதம் 48 மில்லிலீற்றர். 70 துடிப்புக்கு மூன்றரை லீற்றர்கூட வரவில்லை. இருவருடைய துண்டிலும் "இ.எஃப். 60" என்றே இருக்கும். ஒருவர் சுகதேகி, மற்றவர் படியேற முடியாதவர்.

வால்வு ஒழுகினாலும் இப்படித்தான். அறை நன்றாகச் சுருங்குகிறது, இ.எஃப். நன்றாகவே வருகிறது. ஆனால் தள்ளிய இரத்தத்தில் ஒரு பங்கு பின்னாலேயே திரும்பி விடுகிறது.

குழாய் விட்டு அளந்த கதை

இருதய வெளியீட்டை அளக்கும் வழியை முதலில் சொன்னவர் ஜேர்மனியைச் சேர்ந்த அடோல்ஃப் ஃபிக். ஆண்டு 1870. அவருடைய கணக்கை நமது சீனன்குடா மா ஆலையை வைத்து விளங்கிக்கொள்ளலாம். ஆலையிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் 500 மூடை வெளியே போனதென்றும், ஒரு லொறியில் 100 மூடை ஏற்றுகிறார்கள் என்றும் தெரிந்தால், வாசலில் நின்று எண்ணாமலே ஐந்து லொறி போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். நுரையீரல்தான் ஆலை, ஒட்சிசன்தான் மூடை, இரத்தம்தான் லொறி. நிமிடத்துக்கு 250 மில்லிலீற்றர் ஒட்சிசனை உடம்பு எடுக்கிறது, ஒவ்வொரு லீற்றர் இரத்தமும் நுரையீரலைக் கடக்கையில் 50 மில்லிலீற்றர் ஏற்றிக்கொள்கிறது என்றால், ஓடிய இரத்தம் ஐந்து லீற்றர்.

கணக்கு எளிது. ஆனால் நுரையீரலுக்குப் போகுமுன் இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் இருந்தது என்று அறிய, இருதயத்துக்கு உள்ளேயே குழாய் விட்டு இரத்தம் எடுக்க வேண்டும். 1929 இல் வேர்னர் ஃபோஸ்மன் என்ற இளம் ஜேர்மன் வைத்தியர் தன் கை நரம்பு வழியாகத் தன் இருதயத்துக்கே மெல்லிய குழாயைச் செலுத்தி, அப்படியே நடந்து போய் எக்ஸ்றே படம் எடுத்துக் காட்டினார். 1956 இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த படி ஒரு கடற்கரையிலிருந்து வந்தது. 1967 இல் அமெரிக்காவில் சாந்தா மொனிக்காக் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றிருந்தார் ஜெரமி சுவான் என்ற இருதய வைத்தியர். காற்றுக் குறைந்த நாள். மற்றப் பாய்ப்படகுகள் அசையாமல் நிற்க, பெரிய பாய் விரித்த ஒரு படகு மட்டும் நன்றாக ஓடியது. குழாயின் நுனியிலும் ஒரு பாய் இருந்தால் இரத்த ஓட்டமே அதை இழுத்துக்கொண்டு போகுமே என்று அவருக்குத் தோன்றியது. பாய் பின்னர் சிறு பலூன் ஆனது. வில்லியம் கான்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் அமைத்த பலூன் குழாய் 1970 இல் வெளிவந்தது. பின்பு அந்தக் குழாயினாலேயே குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி, அது எவ்வளவு விரைவில் சூடாகிறது என்பதைக் கொண்டு வெளியீட்டைக் கணக்கிட்டார்கள். இன்றும் வெளியிலிருந்து அளக்கும் புதிய கருவிகளைச் சரிபார்க்க ஒப்பிடுவது பெரும்பாலும் இந்தக் குழாய் அளவோடுதான்.

ஆனால் இந்தக் குழாய் அளவும் 10 முதல் 20 வீதம் வரை முன்பின்னாகப் போகும். இருதயத்தின் வலது வால்வு மிகவும் ஒழுகினால் இன்னும் கூடப் பிழைக்கும். குழாய் விடுவதில் கிருமி தொற்றுதல், துடிப்புக் குழம்புதல் போன்ற ஆபத்துகளும் உண்டு. 2005 இல் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன. ஒன்று பிரித்தானியாவின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், மற்றது வட அமெரிக்காவில் இருதயம் பலவீனமானவர்களிடையே நடந்தது. இரண்டிலும், குழாய் விட்டு அளந்தவர்களிடையே இறப்புக் குறையவில்லை. சரியான எண் கையில் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கொண்டு செய்யும் வைத்தியமே ஆளைக் காப்பாற்றும் என்பது அப்போது தெளிவாகியது. இப்போது குழாய்ப் பரிசோதனையை எல்லோருக்கும் செய்வதில்லை. நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருப்பதை உறுதிசெய்வது போன்ற தேவைகளுக்கே செய்கிறார்கள்.

வெளியிலிருந்து அளக்கும்போது

குழாய் இல்லாமல் அளக்கும் வழிகள் பல. நாம் பெரும்பாலும் சந்திப்பது எக்கோ. அது காதுக்குக் கேட்காத ஒலியை நெஞ்சுக்குள் அனுப்பித் திரும்பி வருவதைப் படமாக்குகிறது.

கந்தளாய்க் குளத்தின் துருசு திறந்தால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று எப்படி அறிவது? வாய்க்காலின் அகல ஆழத்தையும் தண்ணீர் ஓடும் வேகத்தையும் அளந்து பெருக்க வேண்டும். எக்கோவும் இதையே செய்கிறது. இரத்தம் இருதயத்தை விட்டு வெளியேறும் வழியின் விட்டத்தை அளக்கிறது. ஒரு துடிப்பில் இரத்தம் எவ்வளவு தூரம் முன்னே போகிறது என்பதையும் அளக்கிறது. விட்டம் 2 சென்ரிமீற்றர், தூரம் 20 சென்ரிமீற்றர் என்றால் ஒரு துடிப்புக்கு 63 மில்லிலீற்றர் வரும். 70 துடிப்புக்கு 4.4 லீற்றர். அதே பெண்ணின் விட்டத்தை 1.8 சென்ரிமீற்றர் என்று குறித்துவிட்டால் 3.6 லீற்றர்தான் வரும். வித்தியாசம் 2 மில்லிமீற்றர். ஓர் அரிசி மணியின் தடிப்பு. அவ்வளவு சிறிய பிழை வெளியீட்டில் ஏறத்தாழ ஐந்திலொன்றைக் குறைத்துக் காட்டிவிடுகிறது. ஒலி, இரத்தம் ஓடும் திசைக்கு நேராகப் போகாமல் சரிந்து போனாலும் அளவு குறைந்தே வரும்.

இருதய வருத்தக்காரருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு வேறுபடும். ஒரு துடிப்பை மட்டும் அளந்து முடிவு சொல்ல முடியாது. பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். நாட்பட்ட நெஞ்சு வருத்தக்காரருக்கோ நுரையீரல் காற்றால் உப்பி இருதயத்தை மறைக்கும். காற்றினூடாக இந்த ஒலி நன்றாகப் போகாது, ஆகவே படம் மங்கலாகிவிடும்.

வேறு வழிகளும் இருக்கின்றன. நெஞ்சில் சிறு மின்னோட்டம் செலுத்தி, இரத்தம் ஓடும்போது ஏற்படும் தடை மாற்றத்தை அளப்பது ஒன்று. விண்வெளி வீரர்களுக்காக அமெரிக்காவில் 1960களில் வளர்த்த முறை இது. இந்தியாவில் மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையமும் இத்தகைய கருவிகளை உருவாக்கியிருக்கிறது. நுரையீரலில் நீர் கட்டியிருந்தால் இது குழம்பிவிடும். இரத்தத்தில் கரையும் வாயுவைச் சிறிதளவு கலந்த காற்றை ஒரு பையிலிருந்து சில முறை சுவாசிக்கவிட்டு, அது எவ்வளவு விரைவில் குறைகிறது என்று பார்ப்பது இன்னொன்று. நுரையீரல் நன்றாக இருக்கும் இருதய வருத்தக்காரரிடம் இது குழாய் அளவுக்குக் கிட்ட வரும். ஆனால் நுரையீரலின் சில பகுதிகளுக்குக் காற்றே போகாதவர்களிடம், அந்தப் பகுதிகளினூடாக ஓடும் இரத்தம் கணக்கில் சேராமல் விடுபட்டுவிடும். விரலில் பட்டி கட்டி நாடித்துடிப்பின் வடிவத்தைக் கொண்டு கணக்கிடும் கருவியும் உண்டு. கை குளிர்ந்து இரத்த ஓட்டம் குறைந்திருந்தால் அது தடுமாறும்.

கவனித்தீர்களா சகோதரிகளே? எந்த வருத்தத்துக்காக அளவு தேவையோ, அந்த வருத்தமே அளவைக் குழப்புகிறது. சுகதேகியிடம் சரியாகக் காட்டும் கருவி நோயாளியிடம் பிசகுகிறது.

எவ்வளவு பிசகும்?

புதிய கருவி ஒன்று பழைய முறையிலிருந்து 30 வீதத்துக்கு மேல் விலகாவிட்டால் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்று 1999 இல் ஆய்வாளர்கள் ஒரு வரம்பு வைத்தார்கள். சத்திரசிகிச்சை, தீவிர சிகிச்சை நோயாளரிடம் செய்த பல ஆய்வுகளை 2010 இல் ஒன்று சேர்த்துப் பார்த்தபோது, குழாயை இருதயத்துள் விடாத நான்கு முறைகளிலும் விலகல் 40 வீதத்தைத் தாண்டியிருந்தது. ஐந்து லீற்றர் என்று கருவி காட்டினால் உண்மை மூன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம் என்பதே அதன் பொருள். மூன்று பெருங்குறைவு. ஏழு தாராளம்.

இ.எஃப். அளவிலும் இதே கதைதான். ஒரே ஆளுக்கு வேறு வேறு ஆட்கள், வேறு வேறு யந்திரத்தில் எடுத்தால் 5 முதல் 10 புள்ளி வரை வேறுபடுவது வழமை. 60 உம் 53 உம் ஒரே இருதயத்தின் அளவாகவே இருக்கலாம்.

நுரையீரல் அழுத்தத்தையும் எக்கோவில் கணக்கிட்டு எழுதுவார்கள். நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருந்த நோயாளிகளிடம் அமெரிக்காவில் செய்து 2003 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எக்கோ சொன்ன அழுத்தம் பாதிக்கு மேற்பட்டோரில் உண்மையான அளவிலிருந்து 10 புள்ளிக்கு மேல் விலகியிருந்தது. சிலருக்கு இல்லாத அழுத்தம் இருப்பதாக வந்தது. சிலருக்கு இருந்தது தெரியவில்லை.

அப்படியானால் எக்கோ வீணா? இல்லவே இல்லை. அப்படி யாரும் எண்ணிவிடக் கூடாது. எண்களைவிட எக்கோவின் பெரிய பலன் அதன் படம். வால்வு ஒடுங்கியிருக்கிறதா, ஒழுகுகிறதா, அறைகள் வீங்கியிருக்கின்றனவா, இருதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறதா, பிறவி ஓட்டை இருக்கிறதா என்பதையெல்லாம் அது நோவில்லாமல் காட்டுகிறது. எண்ணும் உதவும். ஒரே இடத்தில், ஒரே முறையில், திரும்பத் திரும்ப எடுத்த அளவுகளை ஒப்பிட்டால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். தனி ஓர் எண்ணைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதில்தான் பிழை வருகிறது.

நம்மில் யாருக்கு இது முக்கியம்?

1990 இலும் 2006 இலும் நமது மாவட்டத்தில் எத்தனை குடும்பங்கள் ஊர் விட்டு ஓடின என்பது உங்களுக்குத் தெரியும். சம்பூர்ப் பகுதி மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் பல ஆண்டுகள் இருந்தார்கள். ஒரு கொட்டிலில் பலர் நெருங்கிப் படுக்கும் இடத்தில் தொண்டை நோவுக் கிருமி பிள்ளைக்குப் பிள்ளை தொற்றும். கவனிக்காமல் விட்ட தொண்டை நோவு சில பிள்ளைகளுக்கு வாதக்காய்ச்சலாக மாறும். மூட்டு வீங்கும், காய்ச்சல் வரும், பிறகு மாறிவிடும். ஆனால் வால்வில் அது விட்ட தழும்பு மெல்ல மெல்ல இறுகும். இருபது வருடம் கழித்தும் இளைப்பு வரலாம். அன்று முகாமில் இருந்த சிறுமிகள் இன்று பிள்ளை பெறும் வயதுப் பெண்கள்.

கர்ப்ப காலத்தில் இருதய வெளியீடு 30 முதல் 50 வீதம் கூட வேண்டும். ஒடுங்கிய வால்வு அதற்கு இடம் கொடாது. அதுவரை வருத்தமே தெரியாதிருந்த பெண் ஏழாம் எட்டாம் மாதத்திலோ, பிள்ளை பிறந்த உடனேயோ மூச்சுத் திணறி விழலாம். இலங்கையில் தாய்மார் இறப்பதற்கான முக்கிய காரணங்களில் இருதய வருத்தமும் ஒன்று. ஆகையால் "கர்ப்பம் என்றால் மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று பெரியவர்கள் சொன்னாலும், படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரவில் திடுக்கிட்டு எழுந்து இருக்க வேண்டியிருக்கிறது என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றே சொல்லுங்கள். சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்ததையும், மாதாமாதம் பென்சிலின் ஊசி போட்டதையும் மறைக்க வேண்டாம். திருமணத்துக்குத் தடையாகும் என்று மறைத்தது பிரசவத்தில் உயிரையே கேட்கும்.

விறகடுப்புப் புகையில் பல வருடம் வெந்த நுரையீரலும் இளைக்கும். அதுவே நாட்பட இருதயத்தின் வலது பக்கத்துக்குப் பாரமாகும். இருதயமா நுரையீரலா என்று பிரித்தறிய ஓர் எண் போதாது. வைத்தியர் காதால் கேட்டு, கையால் தொட்டு, காலில் வீக்கம் பார்த்து, உங்கள் வாயால் கதையும் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. பழைய துண்டுகள், எக்கோ தாள்கள், ஈ.சீ.ஜி. எல்லாவற்றையும் திகதி வரிசையாக ஒரு கோப்பில் வையுங்கள். இடம்பெயர்விலும் 2004 சுனாமியிலும் தொலைத்தவர்கள், நினைவிலுள்ளதையாவது ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த வயதில் என்ன வருத்தம், எங்கே மருந்து எடுத்தது என்பது போதும்.

2. ஒரு கேள்வித்தாள் கொண்டு போங்கள். "வால்வுகள் எப்படி இருக்கின்றன? நுரையீரல் அழுத்தம் கூடியிருக்கிறதா? படம் தெளிவாக வந்ததா? முந்தியதோடு ஒப்பிட்டால் மாற்றம் உண்டா?" இந்த நான்கையும் கேளுங்கள். "இ.எஃப். எத்தனை?" என்று மட்டும் கேட்டுத் திரும்பி வராதீர்கள்.

3. முடிந்தவரை ஒரே கிளினிக்கில் தொடருங்கள். ஒப்பிடுவதற்கு அதுவே நல்லது.

4. வீட்டில் உங்கள் அளவை நீங்களே எடுங்கள். வாசலிலிருந்து கோயிலடிக்கோ பள்ளிவாசலடிக்கோ நிற்காமல் நடக்க முடிகிறதா, எத்தனை தரம் நிற்கிறீர்கள்? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? கிழமைக்கொரு தரம் எழுதுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளிலும் ஆறு நிமிடம் நடக்கவிட்டு எவ்வளவு தூரம் போகிறார் என்று அளக்கிறார்கள். இருதயக்காரருக்கும் நெஞ்சு வருத்தக்காரருக்கும் அது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட பரிசோதனை.

5. இருதயம் பலவீனம் என்று சொல்லப்பட்டவர்கள் காலையில் நிறை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் உடம்பில் நீர் சேருகிறது. கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

6. விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி கொரோனாக் காலத்திலிருந்து எல்லோருக்கும் பழக்கம். அதுவும் வெளியிலிருந்து எடுக்கும் அளவுதான். நகப்பூச்சை அழித்து, குளிர்ந்த கையைச் சூடாக்கிய பின் மாட்டுங்கள். கறுத்த தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020 இல் அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக் காட்டியது. எண் நன்றாக இருந்தும் மூச்சுத் திணறினால் மூச்சையே நம்புங்கள்.

7. படுக்க முடியாத மூச்சுத் திணறல், நெஞ்சை அமுக்கும் நோ, மயக்கம், உதடு நீலமாதல், இரத்தம் கலந்த சளி இவை வந்தால் எந்தத் தாளையும் தேட வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

8. துண்டில் நல்ல எண் வந்தது என்று மருந்தையோ பென்சிலின் ஊசியையோ நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்தினால்தான் அந்த நல்ல எண் வந்திருக்கும்.

மூதூர்ச் சகோதரிக்கு

தங்கச்சி, உங்கள் இரண்டு தாளுக்கும் இடையிலுள்ள ஏழு புள்ளி, அளவெடுப்பதில் வரும் வித்தியாசத்துக்குள்ளேயே அடங்கக்கூடியது. அதை மட்டும் வைத்து இருதயம் பழுதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்றாவது எண் ஒன்றுக்காகத் தோட்டை அடகு வைக்க வேண்டாம். அது 57 என்று வந்தால் என்ன செய்வீர்கள்?

ஆனால் "பயப்பட ஒன்றுமில்லை" என்ற முதல் பதிலோடும் நின்றுவிடக் கூடாது. உங்கள் கடிதத்தில் மாறாமல் இருப்பது ஒன்றுதான், இரண்டு வாளியில் வரும் இளைப்பு. அதற்குக் காரணம் இன்னும் தெரியவில்லை. வால்வாக இருக்கலாம், நுரையீரலாக இருக்கலாம், இரத்தக் குறைவாகவும் இருக்கலாம். இரத்தம் குறைந்தால் இருதயம் எவ்வளவு நன்றாக இறைத்தாலும் மூச்சு வாங்கும், அதை ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையே காட்டிவிடும். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வாருங்கள். முன்பு லாஞ்சுக்குக் காத்து நின்று வந்த பயணம் இது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின் தரை வழியாகவே வரலாம். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். "வால்வைப் பார்த்தீர்களா? நெஞ்சைப் பார்த்தீர்களா? இரத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

பார்த்தபின் வைத்தியர் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் தாமதிக்காமல் போங்கள். கண்டி 180 கிலோமீற்றர், கொழும்பு 260 கிலோமீற்றர். ஒரு நாள் உழைப்பும் பஸ் காசும் போகும் என்பது தெரியும். ஆனால் அங்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் காசில்லை. ஒடுங்கிய வால்வை பலூன் விட்டு விரிக்கலாம், பழுதானதை மாற்றலாம். அந்தப் பயணம் வைத்தியத்துக்கான பயணம், அதற்குப் போகத்தான் வேண்டும்.

போய் வந்தபின் என்ன சொன்னார்கள் என்று இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். உங்களைப்போல் இரண்டு தாளோடு குழம்பி நிற்கும் இன்னொரு சகோதரிக்கு அது உதவும். அடுத்த மாதம் இரத்தக் குறைவைப் பற்றியும், செலவில்லாமல் நம் வளவிலேயே கிடைக்கும் இரும்புச் சத்துள்ள கீரைகளைப் பற்றியும் பார்ப்போம்.